மறையாத பச்சிளம் அனிச்சைகள்: பெற்றோர் கேட்பதும் நான் சொல்வதும்

கோபிசெட்டிபாளையம் பக்கம் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி பார்க்கிறேன், அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பயிற்சி தருவது; சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். கொஞ்ச காலமாக சத்தி, அந்தியூர், பவானியிலிருந்து வருகிற பெற்றோர் போனை நீட்டிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். அதில் ஒரு வீடியோ ஓடும்: "உங்கள் குழந்தை படிக்காததற்கு இந்த ரிஃப்ளெக்ஸ்தான் காரணம்!" அதன்பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்திருக்கிறேன்.

ரிஃப்ளெக்ஸ், ரிஃப்ளெக்ஸ்னு சொல்றாங்களே, அது என்னதுங்க?

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைக் கொண்டுபோகும். குழந்தை யோசித்துச் செய்வதில்லை. தண்டுவடமும் மூளைத்தண்டும் தாமாகச் செய்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் அனிச்சைச் செயல் என்று படித்தோமே, அதேதான்.

எல்லார் வீட்டிலும் பார்த்த ஒன்று உண்டு. தூளியில் போடும்போது தலை லேசாகத் தாழ்ந்தாலோ, அடுப்படியில் ஒரு தட்டம் விழுந்தாலோ, குழந்தை இரண்டு கையையும் படக்கென்று விரித்து, பிறகு கட்டிப்பிடிப்பதுபோல் உள்ளே இழுத்து, வீலென்று அழும். "பயந்துக்குச்சு" என்று அம்மாயி மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவார். ஹைடெல்பெர்க்கில் இருந்த எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே மோரோ அனிச்சை என்கிறோம். இது பயமில்லை. இது வராமல் இருந்தால்தான் டாக்டர் கவலைப்படுவார். ஒரு கை விரிந்து இன்னொரு கை விரியாவிட்டால், பிரசவத்தில் தோள் நரம்பிலோ காறை எலும்பிலோ அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதெல்லாம் எப்ப மறையணும்?

மோரோ 4 முதல் 6 மாதத்துக்குள் அடங்கும். உள்ளங்கைப் பிடியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மல்லாந்து கிடக்கும் குழந்தை தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கக் கை நீண்டு, மறுபக்கக் கை மடங்கும்; வில்லை இழுத்து நிற்பதுபோல் இருக்கும். ஏ.டி.என்.ஆர். என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான். அதுவும் 6 மாதம் வாக்கில் போய்விடும். முதுகெலும்புக்குப் பக்கத்தில் விரலால் கோடிழுத்தால் இடுப்பு அந்தப் பக்கம் வளைவது காலன்ட் அனிச்சை. அதுவும் ஏறக்குறைய அதே காலம்.

எஸ்.டி.என்.ஆர். என்ற இன்னொரு அனிச்சை மட்டும் தாமதமாக வந்து தாமதமாகப் போகும். சுமார் 6 மாதத்தில் தலைகாட்டி, ஒரு வயதுக்குள் அடங்கும். தலையைத் தூக்கினால் கை நிமிர்ந்து கால் மடங்கும். தலையைக் குனிந்தால் கை மடங்கிக் கால் நிமிரும். குழந்தை தவழும் முன் கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுமே, அந்த நேரத்துக்காரன் இவன். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. நரம்பியல் படிக்காமலேயே இதைக் கவனித்துப் பாட்டுக்குள் வைத்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்.

மறைஞ்சா அது எங்கே போகுதுங்க?

எங்கேயும் போவதில்லை. மூளையின் மேல்பகுதி வளர வளர, கீழிருக்கும் அந்த வேலையை அடக்கி வைக்கிறது. பக்கவாதம் வந்த சில பெரியவர்களிடம் இதைப் பார்க்கலாம். என் சொந்த அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, வாதம் வந்து படுத்திருந்தபோது, அவர் உள்ளங்கையில் என் விரல் பட்டதும் மூடிக்கொண்டார். "விடுங்க அப்பாரு" என்றால் அவருக்கே விடத் தெரியவில்லை. 82 வயதில், பிறந்த குழந்தையின் பிடி. மூளையின் முன்பகுதி அடிபட்டால் அடக்கி வைத்த மூடி திறந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

அப்ப என் பையனுக்கு 'மறையாம நின்னுடுச்சு'ன்னு சொல்றது நிஜமா?

இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

ஒன்று, மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்வது. மூளைமுடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) போன்ற பாதிப்பில் இந்த அனிச்சைகள் காலம் கடந்தும் பலமாக நிற்கும். தலை திரும்பினால் கை தானாக நீண்டுவிடும், சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொன்று, நன்றாக ஓடியாடும் ஏழு வயதுப் பிள்ளையிடம் மிச்சமாக லேசான சாயல் இருக்கிறது, அதனால்தான் எழுத்து கோணுகிறது, கவனம் சிதறுகிறது, பாய் நனைகிறது என்று சொல்வது. சாயல் இருப்பது பல பிள்ளைகளிடம் உண்மைதான். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையிடமும் பார்த்திருக்கிறேன். அதுதான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. வளர்ச்சி கொஞ்சம் பிந்தும் பிள்ளையிடம் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆராய்ச்சியே இருக்குன்னு போட்டிருக்காங்களே?

இருக்கிறது. 2000-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வாசிப்பில் பின்தங்கிய, அனிச்சை மிச்சமிருந்த 60 பிள்ளைகள். வயது 8 முதல் 11. பச்சிளம் அசைவுகளைப் போலவே செய்த குழுவுக்கு வாசிப்பு மற்ற குழுக்களைவிட முன்னேறியது. மரியாதையான ஆய்வுதான். ஆனால் மூன்று குழுவாகப் பிரித்த அறுபது பிள்ளைகளை வைத்து ஊருக்கெல்லாம் மருந்தெழுத முடியாது.

கொஞ்சம் பழைய கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். தவழும் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் மூளை சீராகும் என்ற 'பேட்டர்னிங்' முறை அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய அலையாக இருந்தது. குடும்பங்கள் நாளெல்லாம் அதிலேயே கிடந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அது பலனளிக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று ஒரு முறைக்கு மேல் அறிக்கை விட்டது, 1999-லும் விட்டது. இன்றைய ரிஃப்ளெக்ஸ் பயிற்சி அதைவிட எளிதானது, சாதுவானது. இரண்டும் சொந்தக்காரர்கள் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அப்ப நீங்க ஏன் இதைச் சொல்லித் தர்றீங்க?

நியாயமான கேள்வி. உடலை மெதுவாக, கவனத்தோடு அசைப்பது பிள்ளைகளுக்கு நல்லது. வயிற்றுத் தசையும் முதுகும் உறுதியானால் பெஞ்சில் நேராக உட்கார முடிகிறது, தோள் நிலையாக நின்றால் பென்சில் பிடி தேறுகிறது. அதற்காகச் சொல்லித் தருகிறேன். படிப்பு வரும் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

ஒரு காலத்தில் கொடுத்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி விட்டுப்போகும், பாதியில் நிறுத்திவிடுவான். தலையை ஏற்றி இறக்கும்போது தடுமாறுவது எஸ்.டி.என்.ஆர். மிச்சத்தின் அடையாளம் என்று அப்போதுதான் ஒரு பயிற்சியில் படித்துவிட்டு வந்திருந்தேன். சோதித்தேன், முழங்கை லேசாக மடங்கியது, முடிவுகட்டிவிட்டேன். மூன்று மாதம் பூனை மாதிரி நிற்கவைத்தேன். அவன் அம்மா பனியன் கம்பெனி ஷிப்டு முடித்து, இரவு ஒன்பது மணிக்குமேல் அவனோடு தரையில் மண்டி போட்டிருக்கிறார். பிறகு பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. கண்ணாடி போட்ட மறுவாரம் நோட்டில் வரி நேரானது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவால்லீங்க மேடம், முதுகு நல்லா நிமிந்திருக்கான்" என்றார். அன்றிலிருந்து கண்ணும் காதும் பார்த்த சீட்டு இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் நான் பயிற்சி தொடங்குவதில்லை.

வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்கலாமுங்களா?

விளையாட்டாகப் பார்க்கலாம், முடிவெடுக்க வேண்டாம். பிள்ளையைக் கையும் முழங்காலும் ஊன்றி நிற்கச் சொல்லி, தலையை மெல்ல வலமும் இடமும் திருப்புங்கள். முழங்கை மடங்குகிறதா, தோள் சரிகிறதா பாருங்கள். அடுத்து தலையைக் குனியவும் நிமிரவும் சொல்லுங்கள். லேசாக ஆடினால் பதற வேண்டாம். புதிதாகச் செய்கிற, சிரித்துக்கொண்டே செய்கிற பிள்ளை ஆடத்தான் செய்யும். காலன்ட் பார்க்கிறேன் என்று முதுகில் கோடிழுத்தால் கூச்சத்தில் நெளிவது அனிச்சை ஆகாது. இதைச் சொல்லக் காரணம், நெளிவதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்புகிறவர்கள் அதிகம்.

சரி, பயிற்சிகளைச் சொல்லுங்க.

முதலில் இடம். டைல்ஸ் தரையில் முட்டி வலிக்கும், வழுக்கும். பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டால் போதும். கெட்டி நூல், முட்டிக்கு இதம். யோகா மேட் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

மோரோவுக்கு 'மொட்டும் பூவும்'. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, கணுக்காலையும் குறுக்கே போட்டு, தலை குனிந்து மொட்டாகச் சுருங்க வேண்டும். மூச்சை இழுத்தபடி கை, கால், தலை எல்லாம் மெல்ல விரியும். விட்டபடி திரும்ப மூடும். அடுத்த தடவை மறு கை மேலே வர வேண்டும். ஐந்து முறை. ஒரு பூ விரிய ஏழெட்டு எண்ணும் நேரம் ஆக வேண்டும். பையன்கள் இதைப் பட்டாசு மாதிரி வெடித்துக் காட்டுவார்கள். அப்படிச் செய்தால் பயனில்லை. மெதுவாகச் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏ.டி.என்.ஆருக்குப் 'பல்லி'. குப்புறப் படுத்து, தலையை வலப்பக்கம் திருப்பும்போது வலக் கையும் வலக் காலும் மடங்கி மேலே ஏற வேண்டும். இடப்பக்கம் நீண்டு கிடக்க வேண்டும். பிறகு மாற்றி. அனிச்சை என்ன செய்யும்? முகம் பார்க்கும் பக்கத்தை நீட்டும். நாம் அதற்கு நேர்மாறாக மடக்குகிறோம். முதல் வாரம் தலை ஒரு பக்கமும் கை மறுபக்கமும் போகும். பிள்ளையின் முதுகில் கைவைத்து, "தலை முதல்ல, அப்புறம் கை, அப்புறம் கால்" என்று தாளமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். நான்காவது ஐந்தாவது நாளில் சட்டென்று பிடிபடும். அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்.

எஸ்.டி.என்.ஆருக்குப் பூனையும் செங்கீரையும். நான்கு காலில் நின்று, தலையை நிமிர்த்தி முதுகைக் குழிக்க வேண்டும். குனிந்து முதுகை வில்லாக்க வேண்டும். கையும் தொடையும் நேராகவே நிற்க வேண்டும். பிறகு தலையை அசைக்காமல், பிட்டம் குதிகாலைத் தொடும்வரை பின்னால் போய் முன்னால் வர வேண்டும். எட்டு முறை போதும்.

முதுகும் வயிறும் சேர்ந்து உறுதிப்பட விமானமும் முட்டையும்: குப்புறப் படுத்துக் கை கால் தலை மூன்றையும் தூக்குவது விமானம். மல்லாந்து முட்டியைக் கட்டித் தலையைத் தூக்குவது முட்டை. பத்து எண்ணலாம். பிள்ளை மூச்சைப் பிடித்தால் பளு அதிகம், ஐந்தாகக் குறையுங்கள். காலன்டுக்கு மல்லாந்து படுத்து, கை கால்களைத் தரையோடு உரசி விரித்துச் சேர்ப்பது. உள்ளங்கைப் பிடிக்கு வீட்டு வேலையே மருந்து: சப்பாத்தி மாவு பிசைவது, கைக்குட்டை பிழிவது, கடலைக்காய் உரிப்பது. ஒரு படி கடலைக்காய் உரித்த கை பென்சிலுக்குப் பயப்படாது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு சிலசமயம் தளர்வாக இருக்கும். டாக்டர் பார்க்காமல் கழுத்தை உருட்டுவது, குட்டிக்கரணம் எதுவும் கூடாது. வலிப்பு இருக்கிற பிள்ளைக்கும் முதலில் டாக்டர்.

எத்தனை நாள் செய்யணும்?

நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். ஒரு தடவைக்கு இரண்டு பயிற்சிக்கு மேல் வேண்டாம். இந்த முறையைக் கற்பிப்பவர்கள் பல மாதம், சிலர் ஒரு வருடம்கூடச் சொல்கிறார்கள். நான் எட்டு வாரம் பார்த்து, எழுத்து மாதிரியைத் தேதி போட்டு ஒப்பிடுவேன். மாறவில்லை என்றால் வேறு வழி தேட வேண்டும், அதே வழியில் இன்னும் எட்டு வாரம் வேண்டாம்.

நேரமே இல்லாத வீடுகளுக்கு: நொண்டியாட்டம், பச்சைக் குதிரை, தோட்டத்துக் கிணற்றில் பெரியவர் துணையோடு நீச்சல், இப்போது ஊர் ஊராகச் சொல்லித் தருகிற வள்ளி கும்மி. கும்மியில் கை குறுக்கே போவதும், அடி மாறுவதும், தாளத்துக்குத் திரும்புவதும் நான் ஜமக்காளத்தின் மேல் செய்யவைப்பதைவிடச் சிக்கலான வேலை.

ஏழு வயசாகியும் பாய் நனைக்கிறானுங்க. காலன்ட் தானே காரணம்?

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. இங்கே அனிச்சையைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள். பிறகு ஆண்டுக்கு ஆண்டு தானாகக் குறையும். பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ சின்ன வயதில் இதேபோல் இருந்திருப்பார். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முட்டிக்கொண்டிருக்கும் குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஈரம் பட்டால் ஒலிக்கும் அலாரம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இரண்டுக்கும் நல்ல சான்று உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைத்தால், அதோடு தண்ணீர் தண்ணீராகக் குடித்து இளைத்தால், அன்றே சர்க்கரை பாருங்கள். திட்டுவதும் அடிப்பதும் எதற்கும் உதவாது.

என் பொண்ணு தவழாமலே நடந்துட்டா. அதனாலதான் படிப்பு வரலைங்கிறாங்க.

யார் சொன்னது? தவழாமல், பிட்டத்தால் நகர்ந்தே எழுந்து நடந்த பிள்ளைகள் ஏராளம், நன்றாகவே இருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே எடுத்துவிட்டது. அதற்காகத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. விழித்திருக்கும்போது, கண் பார்வையில், குப்புறப் படுக்கவிடுங்கள்.

வாக்கர் வாங்கலாமா?

குழந்தையை உட்காரவைத்து ஓட்டும் வட்ட வாக்கர் வேண்டாம். படியில் உருள்வார்கள், அடுப்பை எட்டிப் பிடிப்பார்கள். கனடாவில் 2004-லிருந்து விற்கவே தடை. மர நடைவண்டி வேறு. நிற்கத் தெரிந்த பிள்ளை அதைத் தானே தள்ளிப் போகிறது.

உரம் விழுந்திருச்சுன்னு சேலையில் போட்டு உருட்டறாங்களே?

கூடாது. கழுத்து நிற்காத குழந்தையை உருட்டவும் தலைகீழாகத் தூக்கவும் விடாதீர்கள், அம்மாயி கோபித்துக்கொண்டாலும்.

எப்ப உடனே டாக்டர்கிட்ட ஓடணும்?

இந்தக் கேள்வியை ஆற அமரப் படியுங்கள். மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், குறிப்பாகத் தூங்கி எழும்போது, குழந்தை கை கால் தலையைச் சட்டென்று மடக்குவதும் விடுவதுமாகச் சில நொடி இடைவெளியில் அடுத்தடுத்து செய்தால், அது திடுக்கிடல் இல்லாமல் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மோரோ ஒரு சத்தத்துக்கோ அசைவுக்கோ வரும், ஒரு தடவையில் முடியும். இது காரணமே இல்லாமல் வரிசையாக வரும். 1841-ல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து எழுதினார். வெஸ்ட் சிண்ட்ரோம் என்ற பெயர் அப்படி வந்தது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். நாள் தள்ளத் தள்ளப் பாதிப்பு கூடும். மந்திரித்துப் பார்த்துவிட்டு வரலாம் என்பதை இந்த ஒன்றில் மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம், 6 மாதத்துக்குப் பிறகும் மோரோ பலமாக நின்றால், நான்கு மாதம் தாண்டியும் கை எப்போதும் முஷ்டியாகவே இருந்தால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், வந்த பேச்சோ நடையோ திரும்பப் போனால் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் இடதுகைப் பழக்கம் என்று சந்தோஷப்படுவதற்குள் வலது கை ஏன் சும்மா இருக்கிறது என்று பாருங்கள்.

பேக்கேஜ் பணம் முன்கூட்டியே கட்டச் சொல்றாங்க.

கட்டாதீர்கள். 'நூறு சதவீதம் குணம்' என்று எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எதை அளக்கப் போகிறீர்கள், எப்போது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருக்கும் இடம் பரவாயில்லை.

இலவச வழியும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனை இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு அதுதான். அவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பெற்றோர் கேட்டும் வாங்கலாம். பயிற்சி ஒரு பக்கம் இருக்கட்டும், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத் தர வேண்டும்: ஒலி, எழுத்து, ஒலி, எழுத்து என்று, சிறப்பாசிரியரோடு. கற்றல் குறைபாடு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம்.

எல்லாம் சரிங்க, செய்யவே மாட்டேங்கிறானே?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா கெஞ்சி, அப்பா மிரட்டி, பையன் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஒன்றும் பேசாமல் ஜமக்காளத்தை விரித்து, வேட்டியை மடித்துக் கட்டி, மெல்லக் குப்புறப் படுத்து, "பல்லி எப்படிப் போகும் சாமி, எனக்குக் கை வரமாட்டேங்குதே" என்றாராம். கதவு திறந்தது. "தலை முதல்ல அப்புச்சி, அப்புறம் கை." இப்போது பையன் செய்கிறானோ இல்லையோ, அப்புச்சி தினமும் செய்கிறார்; முதுகுவலி குறைந்திருக்கிறது என்று என்னிடம் சொல்லச் சொன்னார்.